குச்சிக்கிழங்கும் கொலுசுத் தராசும்: சேலத்தில் ஒரு சர்க்கரை நோய் நிகழ்வு ஆய்வு

இந்த அம்மாவுக்கு வயது 54. சேலம் சிவதாபுரம் பக்கம் வீடு. வீட்டின் முன்னறைதான் கொலுசுப் பட்டறை. கணவரும் மகனும் கம்பி வேலை பார்ப்பார்கள், இவர் சலங்கை கோர்த்துப் பற்று வைத்து ஒட்டுவார். காலை எட்டரை மணிக்குத் தரையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். மறுபடி உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை அதே இடம்தான். சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

நான் சேலத்தில் ஒரு சிறிய சர்க்கரை நோய் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

எத்தனையோ பேர் வந்து போகும் இடத்தில் இவரைப் பற்றி மட்டும் எழுத ஒரு காரணம் உண்டு. நாங்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தவர் இவர். செய்த பிறகுதான் சர்க்கரை ஏறியது.

வந்தபோது

பொங்கல் முடிந்த வாரம் மருமகளோடு வந்தார். உயரம் 152 செ.மீ., எடை 66 கிலோ. ஏழு மாதத்துக்கு முன்னால் 8.1 ஆக இருந்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சர்க்கரை (இது மட்டும் சதவீதக் கணக்கு), 9.4 ஆகியிருந்தது. 9.4 என்றால் சராசரியாக ரத்தத்தில் எந்நேரமும் 223 அளவில் சர்க்கரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். இரும்புச்சத்து குறைவான ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினை முதலில் பார்த்தோம். 12.4, சரியாகவே இருந்தது. தைராய்டு, சிறுநீரகம் இரண்டிலும் குறை இல்லை.

இடையில் வேறொரு இடத்தில் காட்டியதில் மாத்திரை கூட்டப்பட்டிருந்தது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்ளிபோஸ் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். மாத்திரை கூடியும் எண் இறங்கவில்லை.

"சோத்த பாதியா கொறச்சிட்டேன் மேடம். சக்கரைய கையில தொடறதில்ல. அப்பறமும் ஏறுதுன்னா நான் என்னதான் பண்றது?"

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள், "நெசமாவே அத்தை ஒரு கரண்டிக்கு மேல போடறதில்லீங்க" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதை நம்பாமல் "எங்கேயோ ஒளிச்சு இனிப்பு சாப்பிடறீங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கேஸ் அங்கேயே முடிந்திருக்கும். அப்படிச் சொல்லும் பழக்கம் மருத்துவத்துறையில் நிறையவே இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது.

சோறு மட்டும்தான் சாப்பாடா?

நேற்று காலையில் இருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரும் மூன்று வேளையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் கடிகாரத்தை வைத்துக் கேட்பேன். ஐந்தரைக்கு எழுந்தீர்கள், ஆறு மணிக்கு என்ன, ஏழு மணிக்கு என்ன என்று.

காலை டீயோடு இரண்டு ரஸ்க். எட்டு மணிக்கு நாலு இட்லி, தண்ணிச் சட்னி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், பெயருக்குக் கொஞ்சம் பொரியல். இரவு கோதுமை தோசை மூன்று, சில நாள் ராகிக் களி. இதில் பெரிய தப்பு தெரியவில்லை. நாலு மணிக்கு என்ன என்று கேட்டேன். "நாலு மணிக்கு ஒண்ணுமில்லீங்க, பசி தாங்காது, ரெண்டு கிழங்கு வெச்சுத் தின்னுக்குவோம்."

குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவோம், சேலத்துக்காரர் வாயில் அது குச்சிக்கிழங்குதான். இவருக்குப் பிறந்த வீடு ஆத்தூர்ப் பக்கம். அண்ணன் இரண்டு ஏக்கரில் கிழங்கு போட்டிருக்கிறார். வருடா வருடம் பொங்கல் சீரோடு ஒரு மூட்டை கிழங்கும் ஐந்து கிலோ ஜவ்வரிசியும் வரும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியை மகன் செல்போனில் காட்டியதை இவர் பெருமையாகச் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் விரதம். அன்றைக்குச் சோறு கிடையாது, ஜவ்வரிசிக் கஞ்சிதான், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போட்டு. நாட்டுச் சர்க்கரையும் அவர் கணக்கில் சர்க்கரை இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஓர் அச்சடித்த உணவுத் தாள் கொடுத்தது நான்தான். அதில் உருளைக்கிழங்கு வேண்டாம் என்று இருந்தது. குச்சிக்கிழங்கு பற்றி ஒரு வரி இல்லை. ஜவ்வரிசி பற்றியும் இல்லை. சுற்றிலும் கிழங்குக் காடும் ஜவ்வரிசி ஆலையும் இருக்கிற மாவட்டத்தில், எங்கேயோ யாரோ எழுதிய தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். "சோற்றைக் குறையுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அவர் குறைத்தார். பசி வந்தது. பசிக்குக் கிழங்கு வந்தது. அந்த ஏழு மாதக் கதை இவ்வளவுதான்.

வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். குச்சிக்கிழங்கு 100 கிராமில் 30 கிராமுக்கு மேலேயே இருக்கும். ஜவ்வரிசி அந்தக் கிழங்கின் மாவை மட்டும் பிரித்தெடுத்து உருட்டி வறுத்தது. அதனால் காய்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது, நாரும் சொற்பம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த சரம் போன்றது. குடலில் சரம் அறுந்து மணிகள் உதிர்ந்தால் ரத்தத்துக்குள் போவது குளுக்கோஸ்தான். நாக்கில் இனிக்கவில்லை என்பதால் அது வேறு பொருள் ஆகிவிடாது. இதை அவரிடம் சொன்னபோது, "மணி கோக்கற பொழப்பே எங்க பொழப்புதானுங்களே" என்றார்.

தராசு

அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. கொலுசுப் பட்டறைக்குக் கட்டி வெள்ளி எடை போட்டு வரும், கொலுசாக எடை போட்டுத் திரும்பிப் போகும். நடுவில் எவ்வளவு சேதாரம் என்பதை நோட்டில் எழுதி வைப்பார்கள். அந்த நோட்டைப் பதினைந்து வருடமாக எழுதுவது இந்த அம்மாதான். உள்ளே எவ்வளவு வந்தது, வெளியே எவ்வளவு போனது என்று பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

"சோறு ஒரு கரண்டின்னா எவ்வளவு எடை இருக்கும்மா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவருக்குப் பெரிய உறுத்தலாகிவிட்டது. அன்று சாயங்காலமே மருமகளிடமிருந்து போன் வந்தது. ஒரு கரண்டி சோறு 230 கிராம். அவர்கள் வீட்டுக் கரண்டி அப்படி. கிழங்குத் தட்டு 260 கிராம்.

நான் அவசரமாகச் சொன்ன முதல் விஷயம், பட்டறைத் தராசில் சோற்றை வைக்காதீர்கள் என்பது. வெள்ளித் துகளும் பற்று வைக்கும் பொடியும் படிந்த தட்டு அது. சமையலுக்கு என்று தனியாக ஒரு சின்ன மின் தராசு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்து குளுக்கோமீட்டர், விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் ஒரு துளி ரத்தம் வைத்து வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவி. ஒரு ஸ்ட்ரிப் சுமார் 20 ரூபாய். நாளுக்கு ஆறு முறை குத்திப் பார் என்று சொன்னால் பட்டறைக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை, இரண்டு ஸ்ட்ரிப். முதல் வாய் வைப்பதற்கு முன்னால் ஒன்று, முதல் வாய் வைத்ததில் இருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இன்று காலை, நாளை மதியம், மறுநாள் நாலு மணிக் கிழங்கு என்று வேளையை மாற்றிக்கொண்டே போவது. பதினான்கு நாளைக்கு 560 ரூபாய். சாப்பாட்டை இப்போதைக்கு மாற்ற வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், எடை மட்டும் போடுங்கள் என்றேன். இது அவருக்கு ஆச்சரியம். திட்டு வாங்கத் தயாராக வந்தவர் அவர்.

இரண்டு வாரம்

நோட்டில் அவர் போட்ட தலைப்பு: இருப்பு, ஏற்றம், எடை. இருப்பு என்றால் சாப்பிடுவதற்கு முன் இருந்த சர்க்கரை, ஏற்றம் என்றால் இரண்டு மணி நேரத்தில் அது கூடியது. பட்டறைக் கணக்கு மாதிரியே.

நாலு இட்லி, தண்ணிச் சட்னி: 148-இல் இருந்து 251. மதியம் 230 கிராம் சோறு, ரசம்: 139-இல் இருந்து 214. நாலு மணிக் கிழங்கு 260 கிராம்: 171-இல் இருந்து 289. கோதுமை தோசை மூன்று: 176-இல் இருந்து 262. ராகிக் களி இரண்டு உருண்டை: 158-இல் இருந்து 255. வெள்ளிக்கிழமை ஜவ்வரிசிக் கஞ்சி இரண்டு டம்ளர்: 141-இல் இருந்து 306.

306-ஐப் பார்த்துவிட்டு மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். அடுத்த செவ்வாய் மறுபடி பார்த்தார். 298.

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. நான் நோயாளிகளுக்குச் சொல்வது, ஏற்றம் 50-க்குள் இருக்கட்டும் என்று. அந்த அளவில் பார்த்தால் எந்த வேளையும் தேறவில்லை. ஆனால் யார் எவ்வளவு குற்றவாளி என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அவர் பயந்து பயந்து குறைத்த சோறுதான் இருப்பதிலேயே குறைவாக ஏற்றியது, 75. பயமே இல்லாமல் சாப்பிட்ட கிழங்கு 118. சாமிக்காகக் குடித்த கஞ்சி 165.

ராகியைப் பற்றி ஒரு வார்த்தை. ராகியில் நார் இருக்கிறது, கால்சியம் எந்தத் தானியத்தையும்விடக் கூடுதல். அதற்காகச் சாப்பிடலாம், நல்ல உணவு. ஆனால் மெஷினில் நைசாக அரைத்து, கிண்டிக் கிண்டி வேக வைத்த மாவு குடலுக்குள் சீக்கிரமே கரையும். கோதுமை தோசையும் அப்படித்தான், மாவு மாவுதான். "சோத்துக்குப் பதிலா சப்பாத்தி, கேப்பை சாப்பிட்டா சுகர் ஏறாது" என்று ஊர் முழுக்க நம்புகிறார்கள். எத்தனை உருண்டை என்பதை யாரும் கேட்பதில்லை.

எதிர்பாராத ஒன்றும் நோட்டில் இருந்தது. ஒரு நாள் மகன் கடைத் தெருவில் இருந்து தட்டுவடை செட் வாங்கி வந்திருக்கிறான். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தருவார்களே, அது. சேலத்தில் பிறந்தவருக்கு அதை ஒதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். குற்ற உணர்ச்சியோடு மூன்று செட் சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: 154-இல் இருந்து 199. கிழங்கில் பாதிகூட இல்லை. உடனே தட்டுவடை நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எண்ணெயில் பொரித்த பண்டம் வயிற்றில் மெதுவாக இறங்கும், ஏற்றம் தள்ளி வரும். அதனால் அடுத்த முறை மூன்று மணி நேரத்திலும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். 206. எண்ணெயும் உப்பும் இருதயத்துக்கு வேறு கணக்கு. மாதத்துக்கு இரண்டு முறை சாப்பிடுங்கள், ஒளிந்து சாப்பிட வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

மீட்டரை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல குளுக்கோமீட்டருக்கே நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு. 200 என்று காட்டினால் உண்மையில் 170 ஆகவும் இருக்கலாம், 230 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து எந்த உணவையும் ஒதுக்கக் கூடாது, சேர்க்கவும் கூடாது. மூன்று முறை ஒரே மாதிரி வந்தால்தான் நம்புவேன்.

மாத்திரை எப்போது?

நோட்டின் ஓரத்தில் மருமகள் மாத்திரை நேரத்தையும் எழுதியிருந்தாள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்து. "வெறும் வயித்துல மாத்திரை போட்டா வயித்துப் புண்ணு வரும்னு சொல்வாங்களே" என்றார் அம்மா.

வோக்ளிபோஸ் வேலை செய்வது குடலில். மாவுச்சத்துச் சரத்தை அறுக்கும் நொதியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அதனால் குளுக்கோஸ் மெதுவாக ரத்தத்துக்குள் இறங்கும். சாப்பாடு முன்னால் போய்விட்டால் அது யாரைப் பிடித்து வைக்கும்? சாப்பிட உட்கார்ந்ததும் போட வேண்டிய மாத்திரையை அரை மணி நேரம் தாமதமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சீட்டில் அதை யாரும் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை. கிளிமிபிரைடும் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுவதுதான். மாத்திரைக் கணக்கை எங்கள் டாக்டர் பார்த்து நேரத்தைத் திருத்தினார். இரண்டாவது வாரத்தில் இட்லி ஏற்றம் 103-இல் இருந்து 82-க்கு வந்தது, இட்லி அதே நாலுதான்.

என்ன மாற்றினோம்?

சோற்றை நிறுத்தவில்லை. மதியம் 150 கிராம் சோறு, அதில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து. ஆனால் தட்டில் முதலில் சோறு விழாது. முதலில் ஒரு கிண்ணம் பொரியலோ கூட்டோ, கூடவே ஒரு முட்டை, முட்டை சாப்பிடாத நாளில் கொள்ளோ தட்டப்பயறோ வேக வைத்துத் தாளித்தது. அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சோறும் குழம்பும். காயும் புரதமும் முன்னால் போய், மாவுச்சத்து கடைசியில் போனால் ஏற்றம் குறைகிறது என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வயிறு மெதுவாகக் காலியாவது அதற்கு ஒரு காரணம். இந்த அம்மாவிடமும் அதைச் சோதித்தோம். அதே 150 கிராம் சோறு, அதே சாம்பார், அதே பொரியலும் முட்டையும். எல்லாவற்றையும் பிசைந்து சேர்த்துச் சாப்பிட்ட மூன்று நாள் சராசரி ஏற்றம் 58. வரிசையாகச் சாப்பிட்ட மூன்று நாள் சராசரி 37.

பந்தியில் உட்கார்ந்தால் சோறு விழும்வரை கை நனைக்காத பழக்கம் நமக்கு. முதலில் பொரியலை மட்டும் சாப்பிடுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் முதல் நாள் "என்ன, காய் மட்டும் தின்னுட்டு எந்திரிச்சுப் போறியா" என்று கேட்டாராம். இரண்டாவது வாரம் அவரும் அப்படியே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இட்லி மூன்று, சட்னிக்குப் பதில் பருப்பும் காயும் கெட்டியாகப் போட்ட சாம்பார். காலை டீயோடு ரஸ்க் இல்லை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் பட்டறையில் உட்காராமல் தெருக்கோடி பிள்ளையார் கோயில் வரை இரண்டு நடை, பன்னிரண்டு நிமிடம். நடக்கிறபோது கால் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஒன்பது மணி நேரம் சம்மணம் போட்டு உட்காரும் உடம்புக்கு இந்தப் பன்னிரண்டு நிமிடம் காலை வாக்கிங்கைவிடப் பெரிது என்பது என் எண்ணம். சாப்பிட்ட கையோடு நடப்பதுதான் முக்கியம்.

நாலு மணி விஷயத்துக்கு வந்தேன். கிழங்கே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அண்ணன் அனுப்பியது. மதியம் புரதம் சேர்ந்ததும் நாலு மணிப் பசி பாதியாகக் குறைந்திருந்தது. அதனால் வாரத்துக்கு ஒரு நாள் கிழங்கு, அதுவும் எடை போட்டு 80 கிராம், அதோடு வறுத்த நிலக்கடலை. மற்ற நாளில் சுண்டல் அல்லது மோர். கஞ்சியை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். விரத நாளுக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி, நாட்டுச் சர்க்கரை இல்லாமல் சீரகமும் உப்பும் போட்டு. முதல் வெள்ளி 144-இல் இருந்து 186.

வடித்த சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். கஞ்சித் தண்ணியோடு கொஞ்சம் மாவு போகும், பருக்கைக்குள் இருப்பது போகாது. எடைதான் பேசும் என்று சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் ஹெச்பிஏ1சி 8.3.

மாம்பழக் கை

மே மாதம் ஒரு மத்தியானம் மருமகள் பதறிப்போய் போன் செய்தாள். "அத்தைக்கு 341 காட்டுதுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?" அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தாகம் இல்லை, மயக்கம் இல்லை, பேரனுக்கு மாம்பழம் தோல் சீவிக்கொண்டிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலில் பாருங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 178.

மல்கோவாவின் சாறு விரலில் ஒட்டியிருந்திருக்கிறது. ஒரு துளி ரத்தத்தோடு அந்தச் சர்க்கரையும் ஸ்ட்ரிப்பில் ஏறிவிட்டது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் இது முழுசாகப் போகாது, தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். மாம்பழச் சீசனில் சேலத்தில் எத்தனை பேருக்கு இப்படிப் பொய்யாக எண் கூடி, அதைப் பார்த்து மாத்திரை கூட்டப்பட்டதோ என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அன்றிலிருந்து மீட்டர் பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் கை கழுவுவதைத்தான் சொல்கிறேன்.

மாம்பழத்தையும் அவர் விடவில்லை. சதை 100 கிராமில் சர்க்கரையும் மாவுச்சத்துமாக 15 கிராம்தான். சாப்பாட்டுக்கு மேலே சாப்பிட்டால்தான் வம்பு. பழம் சாப்பிடும் நாளில் சோறு 100 கிராம், கடைசியில் ஒரு கன்னத்துண்டு. ஏற்றம் 46 என்று எழுதியிருந்தார்.

ஆடிச் செவ்வாய்

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனம் இல்லை.

ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருக்கிறார்கள். பொங்கல் வைத்துச் சாமி கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். ஆனால் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டார். பத்தரை மணிக்குக் கூட்டத்தில் நிற்கும்போது கை நடுங்கியிருக்கிறது. உடம்பெல்லாம் வேர்வை. சாமி வருகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மருமகளுக்குத்தான் சந்தேகம் வந்து மீட்டரை எடுத்தாள். 58.

யாரோ சர்க்கரைப் பொங்கலைக் கையில் உருட்டிக் கொடுக்க வந்திருக்கிறார்கள். மருமகள் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, பையில் இருந்த குளுக்கோஸ் பொடியைக் குவித்து மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். பதினைந்து நிமிடத்தில் 74. இன்னொரு தடவை கொடுத்தாள், 96. அப்புறம்தான் சாப்பாடு.

பொங்கலை ஏன் தடுத்தாள் என்பதைப் பலரும் தெரிந்துகொள்ள வேண்டும். 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடத்தில் மறு சோதனை என்பது எல்லாருக்கும் சொல்வது. ஆனால் வோக்ளிபோஸ் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சீனியும் வெல்லமும் குடலில் மெதுவாகத்தான் உடையும். பொங்கலில் நெய்யும் சேர்ந்தால் இன்னும் தாமதம். குளுக்கோஸ் ஏற்கனவே உடைந்த மணி, நேராக ரத்தத்துக்குப் போய்விடும். இதை மருமகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், அந்த மட்டும் நல்லது. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். செவ்வாயும் வெள்ளியும் விரதம் என்று அவர் வாயாலேயே கேட்டவள் நான். அதில் கஞ்சியைத்தான் பார்த்தேன், பட்டினி நேரத்தைப் பார்க்கவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படித் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும்.

மறுநாள் எங்கள் டாக்டர் மூன்றும் சேர்ந்த மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாக எழுதினார். சேர்ந்த மாத்திரையில் ஒன்றை மட்டும் விடுவதற்கு வழி கிடையாது. கிளிமிபிரைடு குறைந்தபட்ச அளவில், வயிறு நிறையச் சாப்பிடும் மதிய வேளைக்கு மட்டும், விரதம் என்றால் அது இல்லை. இது இவருக்கு எழுதியது. படிப்பவர் யாரும் தானாக மாத்திரையை விடவோ பிரிக்கவோ வேண்டாம். ஆடி, புரட்டாசி, ரம்ஜான், எந்த விரதமானாலும் அதற்குப் பத்து நாள் முன்னால் டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள்.

பத்து மாதம் கழித்து

மாத்திரை குறைந்தும் ஆகஸ்ட் கடைசியில் 7.7. நவம்பரில் 7.3, எடை 62 கிலோ. இன்னும் 7-க்குள் வரவில்லை. காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-ஐ ஒட்டியே நிற்கிறது. அது இரவு முழுக்கக் கல்லீரல் விடும் சர்க்கரை, தட்டை மட்டும் சரிசெய்து அதை முழுசாகப் பிடிக்க முடியாது. தீபாவளி வாரத்தில் நோட்டு நாலு நாள் காலியாக இருந்தது. நான் கேட்கவில்லை. பாதத்தில் எரிச்சல் கொஞ்சம் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய அச்சுத் தாளை எடுத்துவிட்டோம். புதுத் தாளில் குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, நாட்டுச் சர்க்கரை, கூழ் எல்லாம் இருக்கிறது. கரண்டி என்ற சொல் எங்கேயும் இல்லை, கிராம் மட்டும்தான்.

போன வாரம் வந்தபோது "கண்ணு, இதப் பாரு" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார். மேடம் எப்போது கண்ணு ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வரியில் எழுதியிருந்தது: கிழங்கு 80, கடலை ஒரு கை, இருப்பு 132, இரண்டு மணிக்கு 171. அதற்குப் பக்கத்தில், எடை போடும் கட்டத்தையும் தாண்டி, சின்ன எழுத்தில்: அண்ணன் வந்திருந்தது, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்.